ஐந்தாம் தொட்டிச் சந்தனம்

ஜூரோங் செடிக்கல்வித் தோட்டத்தின் நாற்றுப்பண்ணை மேற்பார்வையாளர் திருமிகு பசுபதி அவர்கள், முப்பத்தோராண்டுப் பணி நிறைந்து ஓய்வு பெறும் இந்நாளில், சிராங்கூன் சாலை வாழையிலை உணவகத்தின் மேல்மாடியில், கீழே சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும் வேளையில், தோட்டத்துத் தமிழ் ஊழியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.

களையெனக் கண்டால் கண் சிவக்கும் காவலரே! தொட்டிதோறும் தூய்மை துலங்கச் செய்த தோன்றலே! குழாய் எதுவும் சொட்டக் காணப் பொறாத கொள்கைக் குன்றே! கொட்டும் மழையிலும் குடைபிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று பலரால் பழிக்கப்பட்ட பண்பாளரே! அப்பழி பொய்யன்று, ஆயினும் அட்டவணையில் ‘மாலை ஐந்து, நீர்’ என்று எழுதியிருந்ததை நாடறியும்.

மடலின் மரபு, பெறுபவரை நேர்நோக்கிப் பேசுவது. அவ்வாறே எழுத முயன்றோம். ஆனால் தங்களை எவரேனும் முகத்துக்கு நேரே புகழ்ந்தால், “பின்னால குழாய் ஓடுற சத்தம் கேக்குது” என்று தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். புகழ் தீர்ந்த பிறகே திரும்புவீர்கள். நீண்டகாலச் சேவை விருது வழங்கிய அன்றும் இதுவே நடந்தது. தங்கள் சார்பில் அவ்விருதை ஒரு செம்பருத்தித் தொட்டி பெற்றுக்கொண்டது. ஆகவே இன்று தங்களை வேறு யாரோ எனப் பாவித்து, பசுபதியார் என்ற ஒருவரின் கதையைச் சபைக்குச் சொல்கிறோம். தாங்களும் அமர்ந்து கேட்கலாம். இக்கட்டடத்துக் குழாய்கள் அனைத்தையும் சரிபார்த்தாகிவிட்டது.

பசுபதியார் எழுத்தர் வழிவந்த யாழ்ப்பாணக் குடும்பத்தில், இச்சிங்கையிலேயே பிறந்தவர். தந்தையும் பெரியப்பாவும் அலுவலகக் கோப்புகளை ஒழுங்குபடுத்தினார்கள். இவர் செடிகளை ஒழுங்குபடுத்தினார். ஒரு தொட்டிக்கு ஒரு செடி. இரண்டாவதாக ஓர் இலை எட்டிப் பார்த்தால், அது தவறான கோப்பில் நுழைந்துவிட்ட தாள். உருவி எடுத்தே ஆகவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வாசல் பூட்டிய பிறகு, ஐந்தரை மணிக்கு, தொட்டி தொட்டியாகக் குனிந்து நிமிர்ந்து களை எடுப்பார். அவர் கடந்துபோன வரிசையைப் பார்த்தால் செடிகளே சற்று விறைப்பாக நிற்பதுபோல் தோன்றும்.

வாழ்விலும் அதே நெறிதான். மனைவி கமலம் அம்மையார் மறைந்த பின், ஒன்பதாண்டுகள் மார்சிலிங் மூவறை வீட்டில் ஒற்றைச் செடியாகவே நின்றார். தாமே சமைத்தார், தாமே துவைத்தார், தமக்குத் தாமே பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லாமல் இருந்தார். யாரையும் ஒட்டி வாழ்ந்ததில்லை என்பது அவர் வாயிலிருந்து வரும் ஒரே தற்பெருமை.

இத்தகையவரை நிர்வாகம் எங்கே நியமித்தது தெரியுமா? ஆறாண்டுகளுக்கு முன் திறந்த ஒட்டுண்ணிச் செடிக் கூடத்தில்!

பிற செடியின் உடம்பில் உறிஞ்சு வேரைச் செலுத்தி, அதன் நீரையோ உணவையோ எடுத்து வாழும் பூச்செடிகளுக்கென்றே அமைந்த கூடம் அது. பூக்கும் செடிகளில் நூற்றுக்கு ஒன்று இப்படிப்பட்டது என்று வாசலில் எழுதியிருக்கும். உள்ளே, மாங்கிளையில் புல்லுருவி. வேலியில் கொத்தான் கொடி. கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மையார் கூந்தல் என்னும் கொடி. இலையில்லை, பற்றிக்கொண்ட பிறகு மண்ணில் வேரில்லை, ஆனால் முளைத்த உடனே பக்கத்துச் செடியை வாசனை பிடித்துத் தேடிப்போகும் மஞ்சள் நூல். வரும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் இவற்றையெல்லாம் கடந்துபோய், “ரஃப்லீசியா எங்க?” என்று கேட்பார்கள். உலகிலேயே பெரிய பூவான அது நம்மிடம் இல்லை.

“வாழ்நாள் முழுக்கக் களை பிடுங்கினவன் சார் நான். என்னையக் களைக்கே காவல் வைக்கிறீங்களே?” என்றார் பசுபதியார், மேலாளர் ரெங்கசாமியிடம்.

“எது களைன்னு உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?” என்றார் மேலாளர். சிங்கையின் நிர்வாகத் திறன் உலகப் புகழ் பெற்றது.

“உழைக்காம உக்காந்து திங்கிறதுக்கு ஒரு கூடம். மேல நிழல்வலை வேற,” என்று முணுமுணுத்தபடியே பசுபதியார் பொறுப்பேற்றார். கூடத்தின் செடியியலாளர் சம்சுன்னிசா அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். “அண்ணே, புல்லுருவி இலையப் பாருங்க, பச்சை. தன் சோத்தை அதுவே ஆக்கிக்குது. தண்ணி மட்டும்தான் மரத்துக்கிட்ட. அதோட பழத்தைப் பூங்கொத்திக் குருவி தின்னுது. அதோட இலையத் தின்னு பட்டாம்பூச்சி வளருது.”

“குருவிக்கு அடுத்தவன் வீட்டுல விருந்து வைக்குதுன்னு சொல்லும்மா,” என்றார் அவர்.

அக்கூடத்தின் மணிமகுடம் சந்தனம். ஆம், சபையோரே! கடவுளுக்குச் சாத்தி, கல்யாணத்தில் பூசி, நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே சந்தனம், மண்ணுக்கடியில் அண்டைச் செடியின் வேரைப் பற்றி நீர் குடிக்கும் அரை ஒட்டுண்ணி. விதையில் இருக்கும் சேமிப்பில் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். அதன்பின் ஊட்ட ஒரு துணைச்செடி இல்லாவிட்டால் மஞ்சளடித்து மாண்டுபோகும். எனவே சம்சுன்னிசா, ஒவ்வொரு சந்தனக் கன்றுக்கும் பக்கத்தில் ஒரு பொன்னாங்காணித் தண்டை நட்டார்.

முதற்கன்று பத்தாம் மாதம் மாண்டது. இரண்டாம் கன்று ஒன்பதாம் மாதம். துணைச்செடியோ, மறுபடி மறுபடி நட்டும், வாரந்தோறும் மாயமானது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் வெறும் மண். நத்தைதான் என்று முடிவாயிற்று. நத்தைகளுக்கு எதிராக இரண்டாண்டுப் போர் நடந்தது. செப்புப் பட்டை கட்டினோம், முட்டை ஓடு தூவினோம், பசுபதியாரே கைவிளக்கோடு கீழே படுத்து நத்தை தேடினார். மூன்றாவதும் நான்காவதும் மாண்டன. அச்சமயம் நாம் எழுப்பிய குற்றச்சாட்டுகள் அனைத்துக்கும் நத்தையினத்தாரிடம் இம்மடல் வாயிலாக மன்னிப்புக் கோருகிறோம்.

இந்நிலையில்தான், சென்ற ஆண்டு, பசுபதியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடியில்லை, முழங்கால் வீங்கியது. மகள் மேனுகா அன்றே ஜூரோங்கிலிருந்து மார்சிலிங்குக்கு வந்துவிட்டார். அவர் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. தந்தையின் குளியலறையைக் கப்பலின் இயந்திர அறை போலக் குனிந்து சோதித்துவிட்டு எழுந்தார்.

“அப்பா, இது நியர் மிஸ், மயிரிழையில தப்பிச்சது. எங்க யார்டுல ஒரு நியர் மிஸ் நடந்தா வேலையை நிறுத்திடுவோம். நீங்க என் வீட்டுக்கு வந்துடுங்க. ரூம் சும்மாதான் கிடக்கு.”

“நான் என்ன புல்லுருவியா பிள்ளை, உன் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்க?”

“யாருப்பா அப்படிச் சொன்னா?”

“சொல்லுவாங்க. இவ்வளவு நாள் ஒருத்தரையும் ஒட்டாம இருந்தவன் நான்.”

“பிடிவாதம்லா உங்களுக்கு. எப்பத்தான் வருவீங்க?”

பசுபதியார் யோசித்தார். அன்று காலைதான் ஐந்தாம் தொட்டியில் ஐந்தாம் சந்தனக் கன்றை நட்டிருந்தார்கள். “சரி, பந்தயம். நான் ரிட்டையர் ஆகுற அன்னிக்கு அந்த அஞ்சாவது கன்னு உயிரோட இருந்தா, உன் வீட்டுக்கு வரேன். செத்துட்டா, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. நான்கு செத்த அனுபவம் இருந்தது. காகம் வெள்ளையானால் கடனடைப்பேன் என்று சொன்னவனைப் போல நிம்மதியாக அவர் உறங்கப் போனார்.

அந்த நிம்மதி எட்டே நாள்தான் நீடித்தது.

சனிக்கிழமைதோறும் பசுபதியார் வீட்டிலிருந்து எங்களுக்கு யாழ்ப்பாணப் பொரியலான கீரை வறை கொண்டுவருவார். தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம். அடடா, அதைப் பாட இம்மடல் போதாது. சம்சுன்னிசாவுக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஆதலால் ஐந்தாண்டுகளில் அவர் அதைச் சுவைத்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் பள்ளிக் கூட்டம் ஒன்று வருகிறதென்று வந்திருந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

“அண்ணே, சூப்பர்! கீரை தேக்கா மார்க்கெட்டுலயா வாங்குனீங்க?”

“வாங்குறதா? நம்ம சந்தனத் தொட்டியில களையா முளைக்குதுல்ல, அந்தப் பொன்னாங்காணிதான். தூக்கி எறிய மனசு வரல. வெள்ளிக்கிழமை பிடுங்கி எடுத்துட்டுப் போயிடுவேன்.”

சம்சுன்னிசா கரண்டியைக் கீழே வைத்தார். எங்களில் ஒருவர், செய்தியின் பாரம் புரியாமல், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

“அண்ணே,” என்றார் அவர், மிகவும் மெல்ல. “அது களையில்ல. நான் நட்டது. சந்தனத்துக்குத் தாய்ப்பால் மாதிரி.”

நான்கு சந்தனங்களை நத்தை தின்னவில்லை. நாங்கள்தாம் தின்றோம், சோற்றோடு. பிடுங்கியவர் ஒருவர், உண்டவர் பதினொருவர். இக்குற்றத்தில் பசுபதியார் தனித்து நிற்கவில்லை என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறோம்.

அன்று மாலை பசுபதியார் ஐந்தாம் தொட்டியின் முன் வெகுநேரம் நின்றார். இப்போது அவருக்கு இரண்டு உண்மைகள் தெரியும். இந்தக் கன்று பிழைக்கும். பிழைத்தால், மார்சிலிங் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டியதுதான்.

அதன்பின் வந்த மாதங்கள் அவர் வாழ்வில் கடினமானவை. எல்லாத் தொட்டியையும் துப்புரவாக்கிவிட்டு, அந்த ஒரு தொட்டியை மட்டும் இரண்டு செடியோடு விட்டுப்போவது அந்த விரல்களுக்குத் தண்டனை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே அதைக் கடந்து போவார். சம்சுன்னிசா அதில் மறுபடியும் ஒரு தண்டை நட்டு, ‘துணைச்செடி, பிடுங்காதீர்’ என்று ஓர் அட்டையும் எழுதி ஊன்றியது ஊருக்காக அல்ல, அவருக்காக.

ஒரு வெள்ளிக்கிழமை, மறந்துபோன குடையை எடுக்க சம்சுன்னிசா திரும்பி வந்தபோது, பசுபதியார் ஐந்தாம் தொட்டியருகே குந்தியிருந்தார். பொன்னாங்காணித் தண்டின் அடியில் இரண்டு விரல்கள் பற்றியிருந்தன.

“என்ன அண்ணே?”

“ஒண்ணுமில்ல. கைப்பழக்கம்.”

“பழக்கமா, பந்தயமா?”

தோட்டத்தில் அவ்விஷயம் ஒட்டுண்ணிகளுக்கு மட்டுமே தெரியாது. பசுபதியார் விரல்களை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. “ஒரு இழுப்பு. நத்தைன்னு சொல்லிட்டா முடிஞ்சிடும், இல்ல?” என்றார்.

“முடிஞ்சிடும்.”

ஆனால் அடுத்து அவர் கேட்டது வேறு. “சம்சு, இது உறிஞ்சிக்கிட்டே இருந்தா, பாவம், கீரைக்கு நோகாதா? அது ஏன் சும்மா இருக்கு?”

சம்சுன்னிசா குடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “சும்மா எங்க இருக்கு? நல்லா வளந்தா சந்தனத்து மேலயே ஏறி வெயிலை மறைச்சிடும். அதனால அப்பப்போ நுனியக் கிள்ளி விடணும். கிள்ளக் கிள்ளத் தழைக்கும். அது தழைச்சா இது பிழைக்கும். கிள்ளலாம், பிடுங்கக் கூடாது. அவ்வளவுதாண்ணே சட்டம்.”

அவர் விரல்களை எடுத்தார். நுனியில் நாலு கொழுந்தைக் கிள்ளினார். வறைக்குப் போதாது, ஆனாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகொரு நாள், கன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, சம்சுன்னிசா ஒரு பக்கத்து மண்ணை மெல்லக் கரைத்து உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தார். வெள்ளை வேர்களும் பழுப்பு வேர்களும் பின்னிக் கிடந்தன. சந்திக்கும் இடங்களிலெல்லாம் கடுகளவில் சின்னச் சின்னப் பொத்தான்கள். சந்தனம் பொன்னாங்காணியைப் பற்றிய இடங்கள் அவை.

“எதும்மா எதோட வேர்?”

“இந்த இடத்துல எனக்கே தெரியலண்ணே.”

மேலே பார்த்தால் இரண்டு செடி. ஒன்று உயர்ந்தது, ஒன்று களை. கீழே அப்படியொன்றும் எழுதியிருக்கவில்லை. பசுபதியார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று பின்னால் மெய்யாகவே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழவில்லை.

சோதனை இன்னும் தீரவில்லை. ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பு முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக அவர் மூன்று வாரம் விடுப்பில் போனார். சம்சுன்னிசா உம்ராப் பயணமாக மக்கா போயிருந்தார். அவ்வேளையில் மேலிடத்துக் குழுவொன்று பார்வையிட வருகிறதென்று தகவல் வந்தது. மேலாளர் ரெங்கசாமி சட்டைக் கையை மடித்தார். “பசுபதி இல்லன்னு தெரியவே கூடாது. தொட்டின்னா பசுபதி தொட்டி மாதிரி இருக்கணும்!” என்று முழங்கி, தாமே கூடத்துக்குள் இறங்கினார். ஐந்தாம் தொட்டியில் முதலில் ‘பிடுங்காதீர்’ என்ற அட்டை அழகைக் கெடுக்கிறதென்று அதைப் பிடுங்கினார். பிறகு மற்றதையும் பிடுங்கினார். குழுவினர் தூய்மையை வெகுவாகப் பாராட்டினர். அன்றிரவு மேலாளர் வீட்டில் கீரையைப் பருப்போடு கடைந்தார்கள்.

ஊன்றுகோலோடு திரும்பி வந்த பசுபதியார் கண்டது, தாம் முப்பதாண்டுகளாகக் கற்பித்த தூய்மை. ஒரு தொட்டி, ஒரு செடி. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

சபையோரே, எண்ணிப் பாருங்கள். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். பந்தயம் கைக்கு வந்துவிடும். பழி மேலாளர் தலையில். மார்சிலிங் வீடு மார்சிலிங் வீடாகவே இருக்கும். மேலாளர்கூட, “விடுங்க பசுபதி, செடிதானே, பட்டுப்போறது சகஜம்தானே,” என்றார்.

பசுபதியார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஜூரோங்கிலிருந்து ரயிலேறி, மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து, தேக்கா சந்தைக்குள் நுழைந்தார். கீரைக்கடை ரத்தினம்மா அவரைப் பார்த்ததுமே கத்தினார்.

“என்னண்ணே, காலு? ஒரு போன் போட்டா அனுப்பிவிட மாட்டேனா?”

“பொன்னாங்காணி குடும்மா. தண்டு முத்தினதா, கணு நிறைய இருக்கறதா.”

“முத்தினது வறைக்கு நல்லா இருக்காதேண்ணே.”

“வறைக்கு இல்லம்மா. நடுறதுக்கு.”

“எங்க நடப்போறீங்க?”

பசுபதியார் பையை நீட்டினார். “மக வீட்டுக்குப் போறதுக்கு,” என்றார். ரத்தினம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு கட்டு கூடுதலாக வைத்தார்.

அன்று மாலைக்குள் ஐந்தாம் தொட்டியில் ஐந்து தண்டுகள் நின்றன. கணு வேர்விட்டது. ஆனால் சந்தனம் இலை உதிர்த்துக்கொண்டே போனது. இருபது, பதினொன்று, ஐந்து. ஐந்தில் மூன்று வாரம் நின்றது. அந்நாள்களில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. உம்ராவிலிருந்து திரும்பிய சம்சுன்னிசா மக்காவின் புனித ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சையும் கொடுத்தபோது, பேரீச்சையை உண்டுவிட்டுத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தொட்டியைப் பார்த்தார். “அது உங்களுக்குண்ணே,” என்று சொல்ல வேண்டியிருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நுனியில் செம்பு நிறத்தில் நான்கு கொழுந்துகள்.

பசுபதியார் கைப்பேசியை எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்தே பேசுபவர். அதனால் இது எங்களுக்குத் தெரிந்தது. ஒட்டுக்கேட்டதாக யாரும் கொள்ள வேண்டாம்.

“பிள்ளை, தோத்துட்டேன்.”

“என்னப்பா ஆச்சு?”

“புதுக் கொழுந்து வந்திருச்சு. நாலு.”

எதிர்முனையில் கப்பல் பட்டறையின் சுத்தியல் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, “அப்பா, அது சும்மா கோவத்துல ஒத்துக்கிட்ட பந்தயம்லா. அதுக்காக நீங்க வர வேணாம். தனியா இருக்கத்தான் பிடிக்கும்னா இருங்க. நான் பாத்ரூமுக்குக் கைப்பிடி மாட்டித் தரேன்.”

“பந்தயத்துக்காக வரல,” என்றார் பசுபதியார். “உன் வீட்டு ஜன்னல்ல காலை வெயில் விழுமா?”

“விழும்.”

“ரெண்டு செடிக்கு எடம் இருக்குமா?”

“இருக்கும்பா.” குரல் சற்று உடைந்திருந்தது. பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் அப்படி நேர்வதுண்டு.

“அப்ப வரேன்.”

பசுபதியாரின் கதை இத்துடன் நிறைந்தது. இனித் தங்களிடமே பேசுகிறோம், ஐயா. எழ வேண்டாம்.

இத்தகு விழாக்களில் சந்தன மாலை சூட்டுவது வழக்கம். நான்கு சந்தனங்களை உண்டு தீர்த்த எங்களுக்கு மேலும் ஒரு சந்தனத்தைச் சீவி மாலையாக்க மனம் துணியவில்லை. எனவே நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, வேரும் இலையும் துணையுமாக, ஐந்தாம் தொட்டியையே தங்கள் கையில் தருகிறோம். பெரிதானால் அதற்கு நிலம் வேண்டும். மேனுகா தம் குடியிருப்பின் கூட்டுத் தோட்டத்தில் இப்போதே இடம் எழுதிவைத்துவிட்டாராம். அங்கே தங்களைக் களையெடுக்க விடலாமா என்பதை அக்குடியிருப்பினர் எங்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம்.

பிறர் உதவியின்றி நெடுநாள் வாழ்க என்று தங்களை வாழ்த்த மாட்டோம். அதைத் தாங்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் செய்துவிட்டீர்கள். வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இருப்பதைக் கேளாமலே கொடுத்துக்கொண்டு, யார் யாரை ஊட்டுகிறார்கள் என்று எவருக்கும் பிரித்துச் சொல்ல முடியாதபடி, முழங்கால் நோவின்றி, நூறு வெள்ளிக்கிழமைகளின் பன்மடங்கு வாழ்க!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேனுகா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் தந்தையையும் அந்தத் தொட்டியையும் ஒருசேர ஒப்படைக்கிறோம். இரண்டுக்கும் பராமரிப்பு முறை ஒன்றுதான்.

கிள்ளலாம். பிடுங்கக் கூடாது.

அன்பு மாறாத,

ரெங்கசாமி, அட்டையைப் பிடுங்கியவர்
சம்சுன்னிசா, நத்தைகளைச் சந்தேகித்தவர்
மற்றும் சனிக்கிழமைகளில் இனிமேல் எதைக் கொண்டு சோறுண்பது என்று திகைத்து நிற்கும் தோட்டத்து ஊழியர்கள்